பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு

கேட் விழுந்துவிட்டது. கடைசியாகப் பைக்கில் வந்த ஒருவன் தலையைக் குனிந்து நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டான். எங்கள் குட்டியானை வண்டி கம்பிக்கு ஒரு முழம் முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இசக்கிராஜ் இன்ஜினை அணைத்துவிட்டு, சன்னல் வழியாக உடம்பைப் பாதி வெளியே எடுத்து, பின்தட்டில் நிற்கிற என்னை அண்ணாந்து பார்க்கிறான். "அண்ணாச்சி, கூட்ஸு வண்டியாம். இப்பத்திக்குத் திறக்க மாட்டான். ஆறு மணிக்கு வாயக் கட்டிருவாங்க. நம்ம பிரச்சாரம் இந்தக் கேட்டோட முடிஞ்சிது." முடிந்தது என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனோ உள்ளங்கால் குறுகுறுக்கிறது. இந்த இரண்டு வாரமும் கூட்டத்தை நாங்கள்தான் தேடிப் போனோம். தெருமுனையில் வண்டியை நிறுத்தினால் நாலு பிள்ளைகளும் ஒரு ஆடும் வந்து நிற்கும். இப்போது திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தலைகள். டவுன் பஸ், மினி பஸ், வைக்கோல் லாரி, பெண்கள் நிறைந்த தீப்பெட்டி ஆபீஸ் வேன், நுங்குக் குலையைச் சைக்கிளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். கம்பிக்கு அந்தப் பக்கமும் இதே அளவு. மருதன்குளம் நாடாளுமன்றத் தொகுதியின் ஜனங்கள் தாமாகவே கூடி, என் முன்னால், எங்கும் போக முடியாமல் நிற்கிறார்கள். சுயேச்சை வேட்பாளனுக்கு இதைவிட என்ன வேண்டும். பேச ஒரு குரல் வேண்டும். என் பக்கத்தில் நிற்கிற என் மனைவி தெய்வக்கனி மைக்கை வாயருகே கொண்டுபோகிறாள். "வாக்காளப் பெருமக்களே" என்று அவள் உதடுகள் சொல்கின்றன. கேபின் மேல் கட்டிய இரண்டு ஸ்பீக்கர் குழாயிலும் பழைய துணி கிழிகிற சத்தம் மட்டும் விழுகிறது. இன்னொரு தரம் முயல்கிறாள். காற்று. தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, பிறகு மைக்கை என் பக்கம் நீட்டுகிறாள்.

வாங்கிக்கொண்டேன். வாங்கியதும் கை அதன் எடையை அடையாளம் கண்டுகொள்கிறது. முதல் நாளுக்குப் பிறகு இன்றுதான் தொடுகிறேன். கட்டைவிரல் தானாகச் சுவிட்சின் மேல் போய் உட்கார்கிறது, அழுத்தவில்லை. நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிறது. பயம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பயத்துக்கு இவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வருகிறது. தொகுதியில் எத்தனை லட்சம் ஓட்டு, எனக்கு எத்தனை விழும், இந்தக் கணக்கெல்லாம் தெரியாத ஆள் இல்லை நான். இருந்தாலும் இந்தத் துடிப்பைக் கேட்டால் ஜெயித்துவிடுவேன் போல இருக்கிறது. மினி பஸ்ஸின் படியில் தொங்குகிற ஒருவன் என்னைப் பார்த்துவிட்டான். "ஏ, கொழாய் அண்ணாச்சிடே!" என்கிறான். தலைகள் திரும்புகின்றன. கொழாய், கொழாய் என்று பின்னால் லாரி வரைக்கும் போகிறது. அதுதான் என் பெயர் என்று இந்த ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. குழாய் கட்டிய வண்டியில் எப்போதும் போகிறவன், குழாயிலிருந்து வருகிற சத்தம், அதனால் குழாய். இன்னொருவன், "ஒம்ம மண்டையில ஒத்த மயிரு கெடையாது, ஒமக்கு எதுக்குவே சீப்புச் சின்னம்?" என்கிறான். வழக்கமான கேள்வி. எனக்குச் சீப்பு ஒதுக்கிய நாளிலிருந்து கேட்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது தெய்வக்கனிதான் மைக்கில் சொன்னாள், "அவுகளுக்கு வேண்டாம்னுதானே ஒங்களுக்குக் குடுக்காக!" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்று அவளே காத்திருப்பாள். இன்றைக்கு அவளிடம் குரல் இல்லை. சேலைத் தலைப்பில் செருகியிருந்த பெரிய மரச்சீப்பை எடுத்து, கேட்டவன் பக்கம் வாளைப்போல நீட்டுகிறாள். அதற்கும் சிரிக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேனிலிருந்து ஒரு பெண், "யக்கா, அவுக பேரு என்னக்கா? மிசின்ல கொழாய்னா போட்டிருக்கும்?" என்று கேட்கிறாள். தெய்வக்கனியின் முகம் சட்டென்று சிவந்து, தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, சீப்பை மட்டும் ஆட்டுகிறாள்.

அவள் சொல்ல மாட்டாள். குரல் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளை விட்டுச் சொல்லச் சொல்வாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் நர்ஸ் கேட்டால் என் பக்கம் கையைக் காட்டுவாள். இது எனக்குத் தெரியும், அவளைக் கட்டிய நாளிலிருந்து தெரியும், ஆனால் அவள் மைக்கைக் கையில் எடுத்தபோது எங்கள் இரண்டு பேருக்குமே இது ஞாபகம் வரவில்லை. இரண்டு வாரமாக நாற்பது டிகிரி வெயிலில் ஊர் ஊராக, "எங்க வீட்டுல உள்ளவுகளுக்கு, சீப்புச் சின்னத்துல ஓட்டுப் போடுங்க" என்று கேட்டாள். எங்க வீட்டுல உள்ளவுக. அழகாகத்தான் கேட்டாள். பெண்கள் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் இசக்கிராஜ்தான் டீ குடித்துக்கொண்டே சொன்னான், "அண்ணாச்சி, நெனச்சுப் பாத்தேன். நாம இதுவரைக்கும் ஒரு எடத்துலயும் ஒம்ம பேரச் சொல்லலியே." வேட்பாளன் பெயரைச் சொல்லாமலே ஒரு பிரச்சாரம். இந்தப் பூமியில் எவனுக்காவது இது நடந்திருக்குமா. ஓட்டு மிஷினில் மேலே நங்கூரம் இருக்கும், தணிகாசலப் பூபதி என்று இருக்கும், கீழே கடைசிக்கு முன்னால் எங்கோ சீப்பு இருக்கும், அதன் பக்கத்தில் யாரும் காதால் கேட்டிராத ஒரு பெயர் இருக்கும். விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறவள் கொழாயைத் தேடுவாள். காணவில்லை என்றால் மேலே தெரிந்த பெயரில் அழுத்திவிட்டுப் போவாள்.

தெரிந்த பெயர். தெரிய வைத்தவன் நான். தணிகாசலப் பூபதிக்கு இது நாலாவது தேர்தல். முதல் மூன்றுக்கும் ஆட்டோவில் உட்கார்ந்து தொகுதி முழுக்க அவர் பெயரைச் சொன்னவன் நான். கடலைக் கண்ணால் பார்க்காத கரிசல் ஜனங்களை நங்கூரத்துக்கு ஓட்டுப் போட வைத்த குரல் இது. பெயர் சொல்வதில் ஒரு வித்தை உண்டு. பெயரை உடனே கொடுத்துவிடக் கூடாது. வெயில் மழை பாராதவர், ஏழை எளியோர் தோழர் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய், உங்கள் வீட்டுப் பிள்ளை என்று ஏற்றி நிறுத்த வேண்டும். நிறுத்தி ஒரு மூச்சு விட வேண்டும். அந்த ஒரு மூச்சில் கிணற்றடியில் வாளி இழுக்கிறவள்கூடக் கயிற்றைப் பிடித்தபடி காதைத் தீட்டுவாள். அப்புறம் கொடுக்க வேண்டும். தணிகாசலப் பூபதீஈஈஈ என்று நுரையீரலில் உள்ளதெல்லாம் தீர்கிற வரை இழுக்க வேண்டும். போன தேர்தலில் இதை ஸ்டுடியோவில் வைத்துப் பதிவு செய்தார்கள். பதிவு செய்த பையன் அந்த இடைவெளியை வெட்டிவிடலாம் சார், ஆட்டோ நின்றுபோனது மாதிரி இருக்கிறது என்றான். வெட்டினால் எழுந்து போய்விடுவேன் என்று சொன்னேன். விட்டுவிட்டான். அது எனக்கு ஒரு கர்வம். வாடகைக்கு எடுத்த வாய்க்கு என்ன கர்வம் என்று கேட்கலாம், ஆனால் இருந்தது.

இந்தக் கேட்டுக்கு மேல் பாலம் கட்டுவோம் என்றும் அதே வாயால்தான் சொன்னேன். மூன்று தேர்தலிலும் சொன்னேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், சாலையை விட்டு ஒதுங்கிய மூலையில் ஒரு ஓலைக்கடை தெரிகிறது. ஞானப்பூ அக்காவின் டீக்கடை. பாலம் இறங்குகிற இடம் அதுதான் என்று நான் குழாயில் சொன்னதைக் கேட்டு, அவளுடைய அண்ணனோடு சண்டை போட்டுப் பங்கில் அந்த மூலையைக் கேட்டு வாங்கினாள். பாலம் வரவில்லை. மூலை மூலையாகவே கிடக்கிறது. அவள் பூபதியைத் திட்டியதில்லை. அவரை அவள் பார்த்தால்தானே. என்னைத்தான் கேட்பாள், "ஏ கொழாய், எங்கடே எம் பாலம்?" அவள் மட்டுமில்லை. சலூனில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்பார்கள். கேட்டுக் கேட்டுத் தாங்காமல் ஒருநாள் பூபதி வீட்டுக்கே போனேன். ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஐயா, பாலம்னு மூணு தடவ சொல்லிட்டேன், எல்லாரும் என்னயக் கேக்காங்க என்றேன். "ஒன்னையா?" என்றார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "கொழாயப் பாத்துக் கேள்வி கேக்குற ஊரு ஒலகத்துலயே நம்ம ஊருதாம்டே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இப்போதும் முள்ளாகக் கிடக்கிறது, அவர் சொன்னதல்ல, நான் அவர்களோடு சேர்ந்து சத்தமாகச் சிரித்தது, என் சிரிப்பு மற்றவர்கள் சிரிப்பைவிட நன்றாகக் கேட்டது. ஒரு சுளையை என் கையில் வைத்து, போ என்றார். திரும்பி வரும்போது இதே கேட் விழுந்திருந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் ஆரஞ்சுச் சுளை பிசுபிசுவென்று இருந்தது. கேட் திறந்தபோது நான் வேட்பாளன்.

வேட்பாளன், ஆனால் ஊமை. முதல் நாள் வலசைக்குப் பிரிகிற விலக்கில் வண்டியை நிறுத்தி மைக்கை எடுத்தேன். குரல் மழை மாதிரி வந்தது. ஏழை எளியோர் தோழர், உங்கள் வீட்டுப் பிள்ளை. ஒரு மூச்சு விட்டேன். நாக்கு அது பாட்டுக்குப் பழைய தடத்தில் இறங்கி, தணிகாசலப் பூபதி என்று இழுத்துவிட்டது, நங்கூரம் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது, சொல்லி முடித்து என்ன சொன்னோம் என்று எனக்கே தெரியவில்லை, தெய்வக்கனி என் முழங்கையைக் கிள்ளியபோதுதான் எதிரே நின்றவர்கள் முகம் தெரிந்தது. செல்போனில் எடுத்துவிட்டார்கள். தொகுதி முழுக்க ஓடியது. எதிரிக்கு ஓட்டுக் கேட்கும் சீப்பு. அன்றைக்கு மைக்கை அவள் வாங்கிக்கொண்டாள். ராத்திரி ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டே, "விடுங்க, கொழாயில தண்ணி வாரத்துக்கு முன்னால கொஞ்சம் துருவும் வரத்தான செய்யும்" என்றாள். நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாளியைக் கவிழ்த்து அதற்குள் என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். குலசாமியின் பெயர். நல்ல பெயர்தான், ஆனால் குழாய்க்கு ஆகாத பெயர். பூபதி என்றால் வாய் திறந்தபடி முடிகிறது, ஊர் எல்லை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகலாம். என் பெயர் 'ம்' என்று முடிகிறது. வாய் மூடிக்கொள்கிறது. இழுக்க ஒன்றுமில்லை. கதவைத் திறந்த வேகத்தில் அறைந்து சாத்தியது மாதிரி. என் அப்பா என்ன நினைத்து வைத்தார். மகன் ஒருநாள் தன் பெயரைத் தானே கூவ வேண்டிவரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

கூட்ஸின் ஊதல் தூரத்தில் கேட்கிறது. கேட்கீப்பர் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார். வெயில் சாய்ந்து, எல்லோர் முகத்திலும் மஞ்சளாக அடிக்கிறது. பேசு என்று சொல்லிக்கொள்கிறேன். வேறெதுவும் வேண்டாம், பெயரையும் சின்னத்தையும் மட்டும் சொல், தெரிந்துகொள்ளட்டும், மிஷினில் எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று இத்தனை பேருக்காவது தெரியட்டும். கட்டைவிரல் சுவிட்சின் மேல் வேர்க்கிறது. அப்போதுதான் அந்தப் பக்கக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு முன்னால் வருகிறது. மேலே ஒற்றைக் குழாய், இரண்டு பக்கமும் நங்கூரப் படம். கம்பிக்கு நேர் எதிரே வந்து நிற்கிறது. "மருதன்குளம் தொகுதி வாக்காளப் பெருமக்களே!" என்கிறது. என் குரல். இளமையாக, தண்ணீர் குடித்த தெம்போடு, ஒரு சந்தேகமும் இல்லாத குரல். பென்டிரைவில் போட்டுச் சுற்ற விட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு வாரமும் தூரத்தில் கேட்டிருக்கிறேன், தெரு மாறிப் போய்விடுவேன். தேர்தல் ஆபீசில் போய் முறையிட்டேன். குரல் எனது சார் என்றேன். "பேசுனதுக்குக் கூலி வாங்கிட்டீங்கல்ல?" என்று கேட்டார்கள். வாங்கினேன். இன்றைக்கு மாறிப் போகத் தெரு இல்லை. இந்தப் பக்கம் ஒருவன், "லேய், கொழாய் அங்க பேசுதாரு, இங்க நிக்காரு!" என்கிறான். சிரிப்பு எழும்புகிறது. அந்தப் பக்கமும் விரலை நீட்டிக் காட்டுகிறார்கள். ஆட்டோக்காரன் கண்ணாடிக்குப் பின்னால் பல் தெரியச் சிரிக்கிறான். என் உதடுகள் அசைவதை நான் கவனிக்கிறேன். அங்கே குரல் வெயில் மழை பாராதவர் என்கிறது, இங்கே உதடு வெயில் மழை பாராதவர் என்கிறது. எங்கே மூச்சு வாங்கினேன், எங்கே எச்சில் விழுங்கினேன், எல்லாம் என் நெஞ்சுக்கூட்டுக்குத் தெரிகிறது. ஏழை எளியோர் தோழர். இப்போது வரும். உங்கள் வீட்டுப் பிள்ளை.

ஒரு மூச்சு. என் மூச்சு. நான் வெட்டவிடாத மூச்சு. இரண்டு கூட்டமும் அதற்குள் தலையைத் தூக்கி நிற்கிறது, சிரித்தவர்கள்கூட வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள், அது அவ்வளவு நல்ல இடைவெளி. இடம் காலியாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போன மாதிரி காலியாக இருக்கிறது. உட்காரலாம். வாயைத் திறக்கிறேன். "தணி" என்று வருகிறது. கட்டைவிரல் அழுத்தியிருக்கவில்லை, குழாய்க்குப் போகவில்லை, பிழைத்தேன், அங்கே அந்தக் குரல் எனக்காகக் காசலப் பூபதீஈஈ என்று முடித்து வைக்கிறது, அவர்களுக்கு நங்கூரம் சின்னத்தில் வாக்களிப்பீர் என்கிறது, காதும் நெற்றியும் கொதிக்கின்றன. தெய்வக்கனிக்குக் கேட்டுவிட்டது. என்னைப் பார்க்கிறாள். பக்கத்தில் வந்து என் காதோடு, குரலே இல்லாத காற்றில், "அந்தாளு பேருதான் வருதா?" என்கிறாள். தலையை ஆட்டுகிறேன். "எச்சியத் துப்பிட்டுச் சொல்லுங்க." குனிந்து, வேட்பாளன் என்பதையும் மறந்து, வண்டிக்கு வெளியே ரோட்டோரச் சல்லியில் காறித் துப்புகிறேன். நுங்குக்காரர் காலை இழுத்துக்கொள்கிறார். "பாத்துவே, ஓட்டுப் போடுத காலு!"

ஊதல் இன்னொரு தரம். பக்கத்தில் வந்துவிட்டது. தண்டவாளம் சன்னமாக இரைகிறது. பதிவு சுற்றி மறுபடி முதலிலிருந்து வருகிறது, மருதன்குளம் தொகுதி வாக்காளப் பெருமக்களே. ஒரே ஒரு சுற்று. அதற்குள் வண்டி வந்துவிட்டால் ஒன்றும் கேட்காது, வண்டி போய் முடிந்தால் ஆறு மணி. சுவிட்சை இப்போதே அழுத்திவிடுகிறேன், அழுத்தியே வைத்துக்கொள்கிறேன், எந்தப் பெயர் வந்தாலும் வரட்டும். இரண்டு குழாயும் கொர்ரென்று உயிர் பிடிக்கின்றன. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் அவனைத் தடுக்கப்போவதில்லை, அந்தக் குரலை. அவன் எனக்காகத்தான் ஏறிக்கொண்டிருக்கிறான். வெயில் மழை பாராதவர். ஏறு. ஏழை எளியோர் தோழர். இன்னும் ஏறு. மூச்சை அடிவயிறு வரை இழுக்கிறேன், அன்றைக்கு ஸ்டுடியோவில் இழுத்த அளவு, இப்போது நெஞ்சு அன்றையது இல்லை, விலா நோகிறது, இழுக்கிறேன். கேட்கீப்பர் கொடியை நீட்டிவிட்டார். வேன் பெண்கள் சன்னலில் கன்னத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஞானப்பூ அக்கா கடை வாசலில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளை.

"மாசாணம்" என்கிறேன்.

வந்துவிட்டது. ஒரே குரல், ஒரே வாக்கியம், தையல் தெரியவில்லை. உதடு ஒட்டிக்கொள்கிறது, அங்கே தணிகாசலப் பூபதி ஆரம்பிக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால்தானே நாக்கு தடம் மாறும், 'ம்'மை விடாமல் பிடித்துக்கொள்கிறேன், ம்ம்ம் என்று இரண்டு குழாயிலும் வண்டு மாதிரி, பம்புசெட் மாதிரி, எனக்கே தெரியாமல் இந்தப் பெயருக்குள் இவ்வளவு நீளம் இருந்திருக்கிறது, வாய் மூடினால் முடிந்துவிடும் என்று நினைத்தேனே, வாய் மூடிய பிறகுதான் அது ஓடுகிறது, கேபின் தகடு அதிர்கிறது, கைப்பிடிக் கம்பி அதிர்கிறது, அந்த ஒற்றைக் குழாயின் பூபதீஈஈ இதற்கு அடியில் மாட்டிக்கொண்டு எங்கோ கிணற்றுக்குள் கேட்பதுபோல் கேட்கிறது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என் மூச்சு தீர்ந்த இடம் வரை. விலா எலும்பு பிரிந்துவிடும் போல இருக்கிறது. இன்னும் கொஞ்சம். இதோ. விட்டேன். நான் விட்ட அந்த நொடியில் அங்கேயும் இழுப்பு முடிந்து, என் பழைய குரல் மிக மரியாதையாக, "அவர்களுக்கு" என்கிறது.

அரைக்கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு வேனிலிருந்து அந்தப் பெண், "மாசாணமா! மாசாணம்தான் பேராம்டீ!" என்று கத்துகிறாள். மினி பஸ் படியில் தொங்கியவன் விசிலடிக்கிறான். அங்கே குரல் அடுத்ததாக நங்கூரம் என்று சொல்லவே, தெய்வக்கனி இரண்டு கையாலும் சீப்பைத் தலைக்கு மேல் தூக்குகிறாள், இந்தப் பக்கக் கூட்டம் "சீப்பு!" என்று சிரித்துக்கொண்டே கத்துகிறது, ஆட்டோக்காரன் எட்டி எதையோ தட்டுகிறான், என் குரல் பாதியில் அறுந்துபோகிறது, எதிர்ப்பக்கத்தில் யாரோ கை தட்டுகிறார்கள். அதற்குள் கூட்ஸ் வந்துவிட்டது. கறுப்பு இன்ஜின், பிறகு கரி, கரி, கரி. கம்பிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. பெட்டிகளின் இடைவெளியில் ஞானப்பூ அக்காவின் கடை விட்டுவிட்டுத் தெரிகிறது. நான் மறுபடி பெயரைச் சொல்கிறேன், யாருக்கும் கேட்காது, எனக்கே கேட்கவில்லை, சொல்கிறேன், இன்னொரு தரம் சொல்கிறேன், நாக்கு தவறவில்லை, ஆறு மணிக்கு எவ்வளவு இருக்கிறதோ அது வரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் தெய்வக்கனியைப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஓடுகிற பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு, சீப்பை மார்போடு பிடித்துக்கொண்டு, அந்த இரைச்சலுக்குள் என்னவோ சொல்லிப் பார்க்கிறாள். சத்தம் இல்லை. உதடுகள் மூடியிருக்கின்றன, திறக்கின்றன, மறுபடி 'ம்' என்று மூடிக்கொள்கின்றன.